கரும்பலகையோடு ஓட்டு கேட்டவர்

(இணைய அணிப் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்னைக்கு நான் சொல்லப்போறது ரெனே லெவெக் பத்தி. கனடாவில் பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்துக்காரர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையோடு போய்ச் செய்தி சொன்னவர். கொரியப் போருக்கும் போனார். 1956-ல் ரேடியோ கனடா தொலைக்காட்சியில் தனி நிகழ்ச்சி. குரல் கரகரன்னு இருக்கும், சிகரெட்டை விடவே மாட்டார். ஆனா சூயஸ் கால்வாய்ச் சண்டையா இருந்தாலும், அல்ஜீரியாவா இருந்தாலும், வரைபடம், கரும்பலகை, சாக்பீஸ் வெச்சு வீட்டில் இருக்கிறவங்களுக்குப் புரிய வெச்சுடுவார்.

1960-ல் லிபரல் கட்சியில் நின்னு ஜெயிச்சு அமைச்சரானார். அப்போ மான்ட்ரியலுக்கு வெளியே மின்சாரம் பெரும்பாலும் தனியார் கையில். ஊருக்கு ஊர் கட்டணம் வேற. மாகாணத்தில் பெரும்பான்மை பிரெஞ்சுக்காரங்க, ஆனா அந்தக் கம்பெனிகளில் பெரிய இன்ஜினியர் பதவியெல்லாம் ஆங்கிலம் பேசுறவங்களுக்கு! இன்ஜினியரிங் படிச்ச எனக்கு இந்த இடம் சுருக்குன்னு தைச்சது.

அரசே வாங்கணும்னார் லெவெக். முதல்வர் ழான் லெசாஜே முதலில் தயங்கினார். கடைசியில் அதையே கேள்வியா வெச்சு 1962 நவம்பரில் தேர்தல். மேடைக்கு மேடை கரும்பலகையோடு போய், கணக்கு எழுதிக் காட்டி ஓட்டு கேட்டார் மனுஷன். 95-ல் 63 இடம் கிடைச்சது. 1963 மே 1-ல் 11 தனியார் கம்பெனிகள் அரசு மின் நிறுவனத்தோடு சேர்ந்தன. நாம ஒரு மீம் போட்டு ரெண்டாயிரம் லைக் வந்தா வேலை முடிஞ்சதுன்னு நினைக்கிறோம்!

பிறகு 1968-ல் தனிக்கட்சி. 1970, 1973 ரெண்டு தேர்தலிலும் அவர் தொகுதியிலேயே தோல்வி. 1976-ல் 110-க்கு 71, முதல்வர்! தனிநாடு கேட்டு 1980-ல் நடத்திய வாக்கெடுப்பில் சுமார் 60 சதவீதம் பேர் வேண்டாம்னாங்க. அடுத்த வருஷமே அதே மக்கள் அவரைத் திரும்பவும் முதல்வராக்கினாங்க. அவர் கொள்கை எல்லாம் நமக்கு ஒத்துவரணும்னு இல்லை.

எனக்குப் பிடிச்சது அவர் கொண்டுவந்த 1977 சட்டம். கட்சிக்குக் கம்பெனியும் பணம் தரக்கூடாது, தொழிற்சங்கமும் தரக்கூடாது. வாக்காளர் மட்டும், வருஷத்துக்கு அதிகபட்சம் 3,000 டாலர். செய்தியாளரா இருந்தவருக்கு, பணம் எந்த வழியா வரும்னு தெரியாதா என்ன?

சரி, உங்க கையில் இருக்கிற மின்கட்டணத் தாளை எடுங்க. முதல் அட்டவணையிலிருந்து ஆரம்பிப்போம்.