கூக்கால் ஏரி வண்டலில் பழைய காலநிலை



கொடைக்கானலிலிருந்து பூம்பாறையைத் தாண்டி மேல்மலைக்குள் போனால் கூக்கால். சரிவெல்லாம் பூண்டு விளையும் ஊர். ஏரியும் உண்டு, சோலைக்காடும் உண்டு. அந்த ஏரிப் படுகையின் வண்டலை அண்ணா பல்கலைக்கழக நிலவியலாளர் ஹேமா அச்சுதனும் சக ஆய்வாளர்களும் ஆராய்ந்தார்கள். 2017இல் வெளியான அந்த ஆய்வு ஏறத்தாழ 9,000 ஆண்டுக் காலநிலையைப் பேசுகிறது.

வெப்பமானிக் கணக்கு அவ்வளவு தூரம் போகாது. சென்னையில் 1790களில் வானிலையைக் குறிக்கத் தொடங்கினார்கள். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் வந்ததே 1899இல்தான். அதற்கு முந்தைய காலத்துக்கு மண்தான் சாட்சி.

மழை பெய்யும்போதெல்லாம் சரிவிலிருந்து மண்ணும் சருகும் மகரந்தமும் ஏரிக்குள் இறங்கி, அடுக்கடுக்காகப் படிகின்றன. மகரந்தத் தூளின் மேலோடு அமிலத்தில்கூடக் கரையாது. ஆய்வகத்தில் மணலைக் கரைத்துவிட்டு, மிஞ்சும் தூளை நுண்ணோக்கியில் வைத்தால் அது மரத்தினுடையதா புல்லினுடையதா என்று தெரியும். அடுக்கின் வயதைக் கதிரியக்கக் கார்பன் சொல்லும்; 5,730 ஆண்டுகளில் அது பாதியாகக் குறைகிறது.

சிக்கல் இதற்கு மேல்தான். ஓர் அடுக்கில் புல் மகரந்தம் மிகுந்திருந்தால் என்ன பொருள்? மழை குறைந்திருக்கலாம். குளிர் கூடியும் இருக்கலாம். மார்கழி, தை மாத உறைபனி திறந்த புல்வெளியில் முளைக்கும் சோலைக் கன்றுகளைக் கருக்கிவிடும். ஆகவே ஒரு தடயத்தை மட்டும் வைத்துக்கொண்டு 'அன்று இத்தனை டிகிரி' என்று சொல்வது தவறு. கூக்கால் வண்டலும் முதலில் சொல்வது பருவமழையின் ஏற்ற இறக்கத்தைத்தான். நீலகிரிச் சதுப்புகளின் கரிமண்ணை ஆராய்ந்து சுகுமார், ரமேஷ் முதலானோர் 1993இல் எழுதியதிலும் அதே செய்திதான்: பனியூழி உச்சத்தில் வறட்சியும் புல்லும், சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் நல்ல மழையும் மரங்களும்.

வெப்பநிலைக்கு வேறு வழி உண்டு. மண்ணில் வாழும் சில பாக்டீரியாக்கள் குளிருக்கும் வெப்பத்துக்கும் ஏற்பத் தம் செல்சவ்வின் கொழுப்பை மாற்றிக்கொள்கின்றன. அவை மடிந்த பிறகும் அந்தக் கொழுப்பு வண்டலில் தங்கிவிடும். உலகின் பல ஏரிகளில் அதை அளந்து பழைய வெப்பநிலையைக் கணிக்கிறார்கள். மேல்மலையின் ஒவ்வொரு சதுப்பிலும் இந்த அளவீடு நடக்க வேண்டும் என்பது என் ஆசை. அதுவரை அந்தச் சதுப்புகளை வடித்துக் கொத்திக் காய்கறி போடாமல் இருக்க வேண்டும். மண்வெட்டி பட்டு அடுக்கு கலைந்துவிட்டால், எந்தக் கருவியாலும் அதற்கு வயது சொல்ல முடியாது.