பாப்பாவின் தலையணை

மதுரை வில்லாபுரத்துல இருந்து பேசுறேன். இந்த எபிசோடுல பெரிய விஷயம் எதுவும் இல்ல. பத்துக்குப் பத்து அறை, ஒரு கட்டில், ஒரு தலையணை, அவ்வளவுதான். ஆனா அதைக் கவனிக்காம ஒரு வருஷம் எங்க வீட்ல யாருமே ஒழுங்கா தூங்கல.

என் பொண்ணுக்கு அப்ப ஏழு வயசு. ஐப்பசி மழை ஆரம்பிச்சா போதும், ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துடுவா. "அப்பா, மூச்சு இழுக்குது"ன்னு சொல்லுவா. காலையில எந்திரிச்சதும் வரிசையா பத்து தும்மல். நான் ரோட்டுப் புழுதிதான் காரணம்னு முடிவு பண்ணேன். நம்ம ஊர் புழுதியைப் பத்திச் சொல்லவே வேண்டாம்! ஜன்னலை எல்லாம் அடைச்சேன். இ.எம்.ஐ. போட்டு ஏர் பியூரிஃபையர் வாங்கினேன். வீசிங் நிக்கல.

டாக்டரம்மா ஒரே கேள்விதான் கேட்டாங்க. "பகல்ல ஸ்கூல்ல வீசிங் வருதா?"

"இல்ல மேடம், ராத்திரிதான்."

"அப்ப ரோட்டை விடுங்க சார். பாப்பா எதுல தலை வச்சுப் படுக்குறா?"

அப்புறம் தோல்ல ஊசி முனையால லேசா குத்திப் பார்க்கிற அலர்ஜி டெஸ்ட் எடுத்தாங்க. டஸ்ட் மைட் அலர்ஜின்னு வந்துச்சு. தமிழ்ல தூசு உண்ணின்னு சொல்லலாம். ஒரு மில்லிமீட்டர்ல மூணுல ஒரு பங்குதான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கடிக்காது. நம்ம உடம்புல இருந்து உதிர்ற தோல் துகளைத் தின்னுட்டு மெத்தையிலயும் தலையணையிலயும் வாழும். பிரச்சினை அதோட எச்சத்துலதான். வீட்டுத் தூசியில அலர்ஜியைக் கிளப்புறது இந்த உண்ணிதான்னு 1960-கள்ல நெதர்லாந்து லைடன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் காட்டினாங்க.

இந்த உண்ணி தண்ணி குடிக்காது. காத்துல இருக்கிற ஈரத்தைத்தான் உறிஞ்சிக்கும். காத்து நல்லா காஞ்சிருந்தா அது தாக்குப்பிடிக்காது. மழைக்காலத்துல செழிக்கும். நான் என்ன பண்ணேன்? ஜன்னலை அடைச்சு ஈரத்தை உள்ளேயே வச்சேன்! பியூரிஃபையர் ஏன் உதவலன்னா, இந்த எச்சத் துகள் கொஞ்சம் கனமானது. படுக்கையை உதறினா எழும்பும், கொஞ்ச நேரத்துல கீழ படிஞ்சிடும். அது காத்துல இல்ல, குழந்தை முகம் புதைச்சுப் படுக்கிற இடத்துலயே இருக்கு.

பாப்பாவோட தலையணை எங்க அம்மா கொண்டு வந்தது. அம்மாவுக்குச் சொந்த ஊர் போடி பக்கம். அந்தப் பக்கத்து இலவம் பஞ்சு அடைச்சது, இருபது வருஷம் இருக்கும். மாத்தணும்னு சொன்னதும் அம்மா முகம் சுருங்கிடுச்சு. "ஏம்ப்பா, உன்னைய வளர்த்த பஞ்சுதானே? இப்ப பேத்திக்கு மட்டும் ஆகாதா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியல. டாக்டரம்மாதான் புரிய வச்சாங்க: "பஞ்சு மேல தப்பு இல்லம்மா. ஃபோம், ஃபைபர் எதுவா இருந்தாலும் வருஷக்கணக்கா உறை இல்லாம கிடந்தா இதேதான்."

நாங்க செஞ்சது இதுதான். புதுத் தலையணை வாங்கி, அதுக்கும் மெத்தைக்கும் நெருக்கமா நெய்த துணியில ஜிப் வச்ச உறை போட்டோம். விரிப்பையும் போர்வையையும் வாரம் ஒரு தடவை சுடுதண்ணியில துவைக்கிறோம். உண்ணி சாக 60 டிகிரி வேணும். கொதிக்கிற தண்ணியும் குழாய்த் தண்ணியும் சரிபாதி கலந்தா அந்தச் சூடு கிட்டத்தட்ட வந்துடும். குழந்தைங்களை மட்டும் பக்கத்துல விடாதீங்க. அப்புறம் மொட்டை மாடி வெயில். மதுரை வெயிலைத் திட்டாத ஆள் உண்டா? அந்தக் காய்ச்சல்ல உண்ணி செத்துடும். ஆனா எச்சம் அங்கயேதான் கிடக்கும். அதனால துவைக்கிறதும் வேணும்.

பீரோ மேல இருந்த பழைய துணி மூட்டை, கட்டில்ல இருந்த கரடி பொம்மைகள் எல்லாம் அறையை விட்டு வெளிய போச்சு. ரெண்டே ரெண்டு பொம்மை மட்டும், அதுவும் துவைக்கிற மாதிரி. விளக்குமாறு போடறதுக்குப் பதிலா ஈரத்துணியால துடைக்கிறோம், பாப்பா ஸ்கூலுக்குப் போன பிறகு. கொசுவர்த்தியை நிறுத்திட்டு வலை கட்டினோம். கொசுவர்த்தி அலர்ஜி இல்ல, ஆனா மூச்சுக்குழாயை எரிக்கும். ஒரு சுருள் முழுசா எரிஞ்சா வர்ற நுண்துகள் 75-ல இருந்து 137 சிகரெட்டுக்குச் சமம்னு 2003-ல ஒரு ஆய்வு சொல்லுச்சு.

ஆறு வாரம் நிம்மதியா தூங்கினோம். அப்பதான் அந்தத் தப்பைப் பண்ணேன். அறைதான் சுத்தமாயிடுச்சே, தினமும் எதுக்கு இன்ஹேலர்னு யாரையும் கேட்காம நிறுத்திட்டேன். மார்கழியில ஒரு ராத்திரி பாப்பாவால ஒரு வாக்கியம் முழுசா பேச முடியல. உதடு வெளிறிடுச்சு. பைக்ல முன்னாடி உட்கார வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நெபுலைசர் வச்சு, ஆக்சிஜன் வச்சு, விடியும்போதுதான் மூச்சு சீராச்சு. "அறையைச் சுத்தம் பண்றது மருந்துக்குத் துணை சார், மாற்று இல்ல"ன்னு டாக்டரம்மா சொன்னாங்க. அவங்க திட்டியிருந்தாக்கூட தேவலாம்னு இருந்துச்சு.

இன்னொன்னும் சொல்லணும். 2003-ல பிரிட்டன்ல ஆஸ்துமா இருக்கிற 1,122 பெரியவங்களை வச்சு ஒரு ஆய்வு. மெத்தை உறை மட்டும் போட்டதால பலன் இல்லன்னு வந்துச்சு. 2004-ல அமெரிக்காவுல 937 குழந்தைங்களை வச்சு இன்னொரு ஆய்வு. உறை, சுத்தம், கரப்பான், புகைன்னு வீட்ல பல விஷயத்தையும் சேர்த்துக் கவனிச்சப்போ ஆஸ்துமா தொந்தரவு இருந்த நாட்கள் குறைஞ்சது. அதனால யாராவது ஒரே ஒரு பொருளைக் காட்டி, இதை வாங்கினா சரியாயிடும்னு சொன்னா, என் இ.எம்.ஐ.யை நினைச்சுக்கோங்க.

இப்ப ஞாயித்துக்கிழமை காலையில தலையணையை மாடிக்குத் தூக்கிட்டுப் போறது எங்க அம்மாதான். பழைய தலையணை அவங்க அறையில இருக்கு, உறை போட்டு. அதைத் தூக்கிப் போடச் சொல்ல எனக்கு மனசு வரல. பாப்பா அந்த அறையில தூங்குறதில்ல, அது போதும்.

இன்னைக்கு ராத்திரி உங்க வீட்டுக் குழந்தையோட தலையணை உறையைக் கழட்டிப் பாருங்க. எத்தனை வருஷம் ஆச்சுன்னு ஞாபகம் வரலைன்னா, அங்கிருந்து தொடங்குங்க. இன்ஹேலரை மட்டும் டாக்டரைக் கேட்காம நிறுத்திடாதீங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.