"கியர் பாக்ஸ் போச்சு"ன்னு சொன்னா உடனே தலையாட்டாதீங்க

இந்த எபிசோடுக்குக் காரணம் எங்க வீட்டுப் பழைய கார். மேனுவல் கியர். போன மாசம் ஒரு சாயங்காலம், நம்ம திருநெல்வேலி ஈரடுக்கு மேம்பாலத்துல ஏறும்போது டிராஃபிக்ல நின்னுட்டேன். திரும்ப எடுக்கலாம்னா ஃபர்ஸ்ட் கியர் விழவே மாட்டேங்குது. பின்னாடி பஸ்காரர் ஹாரன்ல இருந்து கையை எடுக்கல. பதற்றத்துல இன்ஜினை ஆஃப் பண்ணிட்டுக் கியரைப் போட்டா, சுலபமா விழுந்துடுச்சு!

மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்ல காரை ஓட்டிக்கூடப் பார்க்காம, "கியர் பாக்ஸை இறக்கிப் பிரிக்கணும், நாற்பதாயிரம் ஆகும்"னு சொல்லிட்டாங்க. அப்பா, "வித்துடலாம்டா"ன்னுட்டார். அவர் ரிட்டயர் ஆனப்போ வாங்கின கார் அது. எனக்கு மனசு கேக்கல. இன்னொரு மெக்கானிக் அண்ணாச்சிகிட்ட கொண்டு போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, இன்ஜின் ஆஃப்ல கியர் விழுதா?"

அந்தக் கேள்வியிலதான் எல்லாமே இருக்கு. இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவுல இருக்கிறது கிளட்ச். பெடலை மிதிச்சா ரெண்டும் பிரியணும். முழுசா பிரியலைன்னா உள்ளே ஷாஃப்ட் சுத்திக்கிட்டே இருக்கும், கியர் விழாது. இன்ஜின் நின்னா எதுவும் சுத்தாது, அதனால விழும். அப்போ தப்பு கியர் பாக்ஸ்ல இல்ல, கிளட்ச் பிரியறதுல. பானெட்டைத் திறந்தா கிளட்ச் ஆயில் குறைஞ்சிருந்தது. கீழே இருக்கிற சிலிண்டர்ல கசிவு. அதை மாத்தி, லைன்ல இருந்த காத்தை எடுத்ததும் சரியாயிடுச்சு. செலவு மூவாயிரத்துக்குள்ள.

நாம லாக் பார்க்காம கோடுல கை வைக்க மாட்டோம்ல? காருக்கும் அதேதான். பிரச்சினை *எப்போ* வருதுன்னு முதல்ல கவனிங்க.

பாபநாசத்துல இருந்து காரையாறு ஏறும்போது இன்ஜின் கத்துது, ஆர்பிஎம் ஏறுது, ஆனா வண்டி வேகம் எடுக்கலையா? கிளட்ச் பிளேட் தேஞ்சு வழுக்குது. சமதளத்துல, முன்னாடி யாரும் இல்லாத இடத்துல, ஹேண்ட் பிரேக்கும் கால் பிரேக்கும் போட்டு, மூணாவது கியர்ல கிளட்சை மெதுவா விடுங்க. இன்ஜின் உடனே அணைஞ்சா நல்லது. அணையாம ஓடிக்கிட்டே இருந்தா பிளேட் முடிஞ்சது. ஒரு தடவை பார்த்தா போதும். கிளட்ச் மாத்தவும் கியர் பாக்ஸை இறக்கணும்தான், ஆனா பிரிக்க வேண்டாம். "இறக்கணுமா, பிரிக்கணுமா?"ன்னு தெளிவா கேளுங்க.

நியூட்ரல்ல சத்தம் வந்து, பெடலை மிதிச்சதும் நின்னுட்டா, கியர் பாக்ஸ் பேரிங் மேல சந்தேகப்படலாம். மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தா, கிளட்ச்சோட ரிலீஸ் பேரிங். ஒரே ஒரு கியர் மட்டும் கரகரன்னா, அந்தக் கியரோட சின்க்ரோ. ஸ்டியரிங்கை ஒடிச்சுத் திருப்பும்போது டக்டக்னு கேட்டா, அது பெரும்பாலும் சிவி ஜாயின்ட், கியர் பாக்ஸே இல்ல.

ஏஎம்டி வச்சிருக்கிறவங்களுக்கு: உங்க கார்லயும் கிளட்ச் பிளேட் இருக்கு, மிதிக்கிறது மட்டும்தான் மெஷின். மேட்டுல ஆக்சிலரேட்டரை லேசா அழுத்தி வண்டியை நிறுத்தி வைக்காதீங்க, பிரேக் போடுங்க.

கடைசியா, செகண்ட் ஹேண்ட் வாங்கப் போறவங்களுக்கு. 2023 டிசம்பர் 17, 18 நமக்கு மறக்காது. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 சென்டிமீட்டர் மழை, தாமிரபரணி ஊருக்குள்ள வந்துச்சு. எத்தனையோ கார் தண்ணியில நின்னுச்சு. கியர் பாக்ஸ்ல காத்து போய்வர ஒரு சின்ன துவாரம் உண்டு, முங்கினா அது வழியா தண்ணி உள்ளே போகும். ஆரம்பத்துல சத்தமே வராது, பேரிங் மெதுவா துருப்பிடிக்கும். அதனால வாங்கறதுக்கு முன்னாடி கியர் ஆயிலைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்க. பால் டீ மாதிரி கலங்கி இருந்தா உள்ளே தண்ணி போயிருக்கு. விலை எவ்வளவு குறைச்சலா இருந்தாலும் யோசிங்க.

எந்த ஒர்க்‌ஷாப் போனாலும் முதல்ல, "அண்ணாச்சி, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க"ன்னு சொல்லுங்க. ஓட்டிப் பார்க்காம ரேட் சொன்னா, சாவியை வாங்கிட்டு வந்துடுங்க.

எங்க கார் இப்பவும் அதே பாலத்துல ஏறுது. அப்பாதான் ஓட்டுறார். அடுத்த எபிசோட்ல பார்ப்போம், மக்களே.