கரிசலிலிருந்து கடற்கரைக்கு



புதூர்க்காரர்கள் தீவுக்குப் போகக் கப்பல் வேண்டியதில்லை. 1988இல் பாம்பன் சாலைப்பாலம் திறந்தபின் கட்டுச்சோறும் பேருந்துக் கட்டணமும் போதும். அவ்வாறே நண்பர்கள் நால்வர் இராமேசுவரம் சென்று, தனுஷ்கோடிக் கரையில் ஒரு பகல் இருந்தோம். அலையோசையன்றி வேறொலி இல்லை. கவிதைக்கேற்ற அமைதி என்றார் ஒருவர்.

அவ்வமைதிக்கு ஒரு தேதி உண்டு. 1964 டிசம்பர் 22ஆம் நாள்வரை அங்கே இரயில் நிலையம் இருந்தது, அஞ்சலகம் இருந்தது, தலைமன்னாருக்குக் கப்பல் சென்றது. அன்றிரவுப் புயல் ஊரையும், பயணிகளோடு வந்த இரயிலையும் கொண்டுபோயிற்று. வாழத் தகுதியற்ற இடமென்று அரசு அறிவித்தது. எனினும் மீனவர் குடும்பங்கள் அங்கே குடிசையிட்டு வாழ்கின்றன. கடலருகே மணலைத் தோண்டி, ஊறும் நன்னீரை முகந்து குடிக்கின்றன. மணலில் இறங்கிய மழைநீர் உப்புநீரினும் எடை குறைந்தது; ஆதலால் மேலே நிற்கிறது.

கோடையில் குடத்தோடு காத்திருந்த கரிசல் மக்களுக்கு அந்த ஊற்றின் அருமையை எவரும் விளக்க வேண்டியதில்லை. மழை பொய்த்த நிலத்தைப் பத்தாண்டுகளாகப் பாடிவரும் நம் கவிஞர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: அக்கரையை ஆளற்ற கரையென்று எழுதாதீர்கள். அழிந்த ஊரையும், அங்கே நீர் முகக்கும் கைகளையும் சேர்த்தே எழுதுங்கள்.