படம் வரைந்து பாகங்களைக் குறி

ஆடியோவுல உட்கார்ந்துகிட்டு படம் பார்க்கிறதைப் பத்திப் பேசப் போறேன். கொஞ்சம் காமெடிதான். ஆனா இன்னைக்குப் பேசப்போற படத்தை நீங்க எல்லாரும் பார்த்திருக்கீங்க. பார்த்தது மட்டுமில்ல, வரைஞ்சும் இருக்கீங்க. அதனால கண்ணை மூடினாலே வந்துடும்.

பத்தாம் வகுப்பு அறிவியல் பரீட்சை ஞாபகம் இருக்கா? "படம் வரைந்து பாகங்களைக் குறி." மூளை, நெஃப்ரான், இதயம்னு சுத்திச் சுத்தி சில படங்கள்தான் வரும். நான் இதயம் ஸ்பெஷலிஸ்ட். பென்சிலை நல்லா சீவி, வெளிக்கோடு போட்டு, நாலு அறை பிரிச்சு, ஸ்கேல் வச்சு நேர்க்கோடு இழுத்து பேர் எழுதறதுக்கு எனக்கு அஞ்சு நிமிஷம் போதும். அந்த வருஷம் முழுக்க குறைஞ்சது முப்பது தடவை வரைஞ்சிருப்பேன். டீச்சர் என் நோட்டைத் தூக்கி கிளாஸுக்கே காட்டியிருக்காங்க.

இதை மனசுல வச்சுக்கோங்க. இப்ப நேரா போன வருஷத்துக்கு வரேன்.

அப்பாவுக்கு நடக்கும்போது நெஞ்சு இறுக்கிப் பிடிச்ச மாதிரி இருக்குன்னு சொல்லி, திருச்சியில ஒரு ஆஸ்பத்திரியில ஆஞ்சியோ எடுத்தாங்க. நான் சென்னையில இருந்து ராத்திரி பஸ் பிடிச்சு போயிட்டேன். ஆஞ்சியோன்னா, மணிக்கட்டு வழியாவோ தொடை வழியாவோ ஒரு மெல்லிய குழாயை உள்ள விட்டு, ரத்தக்குழாய்க்குள்ள சாயம் செலுத்தி, எக்ஸ்ரே வீடியோ எடுக்கிறது. அப்பா இன்னும் டேபிள்ல படுத்திருக்கார். வெளிய நின்ன என்னையும் அம்மாவையும் உள்ள கூப்பிட்டாங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா, இந்தப் பக்கம் மானிட்டர்.

டாக்டர் வேகமா சொல்றார். இடது பக்க முக்கியக் குழாய்ல தொண்ணூறு சதவீதம் அடைப்பு, இப்பவே ஸ்டென்ட் வச்சுடலாம், நீங்க சம்மதம் சொன்னா போதும். புரியட்டும்னு பக்கத்துல இருந்த பேப்பர்ல ஒரு இதயம் வேற வரைஞ்சு காட்டினார். நான் பார்த்தேன். அவர் பேனா வச்ச இடம் படத்துல வலது பக்கம். "சார், இது ரைட் சைடு இல்லையா?"ன்னு கேட்டேன். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். "அப்பா நம்மளைப் பார்த்து நிக்கிறார்னு நினைச்சுக்கோங்க தம்பி"ன்னார்.

முப்பது தடவை வரைஞ்சிருக்கேன். அந்த இதயம் ஒரு ஆளோட நெஞ்சுக்குள்ள இருக்குன்னும், அந்த ஆள் என்னை நோக்கி நிக்கிறார்னும் ஒரு தடவைகூட எனக்குத் தோணினது இல்லை. எனக்கு அது பேப்பர்ல இருக்கிற ஒரு வடிவம், அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் நான் என்ன செஞ்சேன்? தலையாட்டினேன். இன்ஜினியர் பையன், எல்லாம் புரிஞ்ச மாதிரி தலையாட்டினேன். அம்மா தலையாட்டலை. அம்மா எட்டாவது வரைக்கும்தான் படிச்சவங்க. அவங்க மானிட்டர்கிட்ட போய், திரும்பத் திரும்ப ஓடுற அந்த வீடியோவையே பார்த்துட்டு இருந்தாங்க. அப்புறம் கேட்டாங்க: "டாக்டர், மத்த கிளையெல்லாம் கறுப்பா தடியா போகுது. இது மட்டும் நடுவுல நூல் மாதிரி ஆகி மறுபடி தடியாகுதே, அதைத்தான் சொல்றீங்களா?"

"அதேதாம்மா."

"அப்ப இந்தக் கிளை? இது பாதியிலேயே நின்னுடுச்சே. இதுவும் அடைப்பா?"

டாக்டர் முதல் தடவையா நாற்காலியை எங்க பக்கம் திருப்பினார். வேற கோணத்துல எடுத்த வீடியோவைப் போட்டார். அதே கிளை இப்ப நல்லா நீளமா ஓடுது. "முதல் படத்துல அது கேமராவை நோக்கி வருதும்மா. அதனால குட்டையா தெரிஞ்சுது. அதுக்காகத்தான் பல கோணத்துல எடுக்கிறோம்"னார். அம்மா "சரி, வச்சுடுங்க"ன்னாங்க. எங்க வீட்டுல அந்த முடிவை எடுத்தது அம்மாதான். புரிஞ்சு எடுத்தாங்க.

பஸ்ல திரும்பி வரும்போது என்னை உறுத்தினது இதுதான். டாக்டர் சொன்ன அந்தக் கடைசி விஷயம் நான் காலேஜ்ல படிச்சது. முதல் வருஷம் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ். மினி டிராஃப்டரைத் தோள்ல மாட்டிக்கிட்டு, சார்ட்டைச் சுருட்டிக்கிட்டு பஸ் ஏறினவங்களுக்குத் தெரியும். அதுல ஆரம்பத்துலயே வர்ற பாடம்: தளத்துக்குச் செங்குத்தா இருக்கிற ஒரு கோட்டை அந்தத் தளத்துல வரைஞ்சா, அது வெறும் புள்ளியா தெரியும். அதனாலதான் முன் பார்வை, மேல் பார்வை, பக்கப் பார்வைன்னு மூணு வரையறோம். ஒரே ஒரு பார்வையை நம்பக்கூடாதுங்கிறதுதான் அந்தப் பேப்பரோட உயிர். நான் அதுல அரியர் இல்லாம பாஸ். எப்படி? எந்தக் கணக்குக்கு எந்த ஸ்டெப்புன்னு மனப்பாடம் பண்ணி.

அதாவது பள்ளிக்கூடத்துல, காலேஜ்ல எனக்குப் படம் வரையச் சொல்லிக் கொடுத்தாங்க. படத்தைப் பார்க்கச் சொல்லித் தரலை. எழுத்துக்கு அப்படிச் செய்யமாட்டோம். ஒரு பத்தியைக் கொடுத்தா, கீழே அஞ்சு கேள்வி இருக்கும், புரிஞ்சுதான்னு பார்ப்பாங்க. படத்துக்கு மட்டும் காப்பி அடிச்சா போதும், மார்க்.

வீட்டுக்கு வந்ததும், இதை யாராவது சரியா செஞ்சிருக்காங்களான்னு தேட ஆரம்பிச்சேன். நியூயார்க்ல இருக்கிற நவீன கலை அருங்காட்சியகத்தோட கதை கிடைச்சுது. 1980கள்ல அங்க கல்விப் பிரிவுக்கு இயக்குநரா இருந்தவர் ஃபிலிப் யெனவைன். பார்வையாளர்களுக்கு ஓவியங்களைப் பத்தி நல்லா விளக்கம் சொல்லிட்டு இருந்தாங்க. மக்களும் ரசிச்சுக் கேட்டாங்க. ஆனா வெளிய போனப்புறம் அவங்க மனசுல எவ்வளவு நிக்குதுன்னு பார்த்தா, ரொம்பக் கம்மி. நல்ல லெக்சர்ல உட்கார்ந்துட்டு வந்து மறந்துபோற நம்ம கதைதான். அபிகெயில் ஹவ்சன்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர், ஜனங்க ஒரு ஓவியத்தைப் பார்க்கும்போது மனசுக்குள்ள என்ன ஓடுதுங்கிறதை வருஷக்கணக்கா ஆராய்ஞ்சவங்க. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு முறையை உருவாக்கினாங்க. விஷுவல் திங்கிங் ஸ்ட்ராட்டஜீஸ்னு அதுக்குப் பேர்.

மொத்தம் மூணே கேள்வி.

ஒண்ணு: இந்தப் படத்துல என்ன நடக்குது?
ரெண்டு: எதைப் பார்த்து அப்படிச் சொல்றீங்க?
மூணு: இன்னும் என்னவெல்லாம் கண்டுபிடிக்கலாம்?

முதல்ல எல்லாரும் கொஞ்ச நேரம் வாயைத் திறக்காம படத்தைப் பார்க்கணும். அப்புறம்தான் பேச்சு. ஒரு பையன் ஒண்ணு சொன்னா, டீச்சர் அந்த இடத்தைக் கையால சுட்டிக் காட்டணும், அவன் சொன்னதை வேற வார்த்தையில திருப்பிச் சொல்லணும், இதுக்கு முன்னாடி இன்னொருத்தர் சொன்னதோட சேர்க்கணும். "சரி", "தப்பு", "சபாஷ்" எதுவும் கூடாது. பார்க்க ரொம்பச் சாதாரணமா இருக்கு. ஆனா அந்த ரெண்டாவது கேள்விதான் முழு மேட்டரும். அபிப்பிராயம் சொன்னா போதாது, ஆதாரம் காட்டு. ஆபீஸ்ல கோட் ரிவ்யூல நாம கேட்கிறதும் இதே கேள்விதான்.

இதே மாதிரி எண்ணத்தோட யேல் பல்கலைக்கழகத்துலயும் ஒண்ணு செஞ்சிருக்காங்க. தோல் நோய் பேராசிரியர் இர்வின் பிரேவர்மன், அங்க இருக்கிற பிரிட்டிஷ் கலை மையத்தைச் சேர்ந்த லிண்டா ஃப்ரீட்லேண்டர் ரெண்டு பேரும் மருத்துவ மாணவர்களைக் கூட்டிட்டுப் போய் பழைய ஓவியங்கள் முன்னாடி நிக்க வச்சாங்க. என்ன தெரியுதோ அதை மட்டும் நிதானமா விவரிக்கணும். அதுக்கப்புறம் நோயாளிகளோட போட்டோக்களைக் காட்டினப்போ, இந்தப் பயிற்சி எடுத்தவங்க மத்த மாணவர்களைவிட அதிக விவரங்களைக் கவனிச்சாங்க. 2001ல ஜாமாங்கிற மருத்துவ இதழ்ல இது வந்துச்சு. ஆக, பார்க்கிறது பழகிக்கக்கூடிய ஒரு வேலை. கடவுள் கொடுத்த வரம் இல்லை.

சரி, நாமே செஞ்சு பார்ப்போம்னு தோணுச்சு. வேளச்சேரி பக்கம் ஒரு மாலை வகுப்புல சனிக்கிழமை தோறும் எட்டாவது பசங்களுக்குக் கணக்கு சொல்லித் தரேன். ஒரு சனிக்கிழமை கணக்கைத் தள்ளி வச்சுட்டு, அதே இதயப் படத்தைப் பெருசா பிரிண்ட் எடுத்துட்டுப் போனேன். பாகங்களோட பேரை எல்லாம் மறைச்சுட்டேன். "இடது", "வலது"ங்கிற ரெண்டு வார்த்தையை மட்டும் விட்டேன்.

முதல் கேள்வியே எனக்கு வந்துச்சு: "சார், இதை நோட்ல வரையணுமா?"

வேணாம், பாருங்கன்னேன். ஒரு நிமிஷம் அமைதி. சொல்லப்போனா அந்த ஒரு நிமிஷம் எனக்குத்தான் கஷ்டமா இருந்துச்சு. வாய் அரிக்குது. அப்புறம் ஒரு பொண்ணு ஏதோ நல்லதா சொல்ல, நான் ஆர்வத்துல "கரெக்ட்!"னுட்டேன். அவ்வளவுதான், மத்த கை எல்லாம் கீழே இறங்கிடுச்சு. பதில் வந்தாச்சு, விளையாட்டு முடிஞ்சுது. டீச்சர் ஏன் "சபாஷ்" சொல்லக்கூடாதுன்னு அந்த நொடியில புரிஞ்சுது.

மறுபடி ஆரம்பிச்சோம். பின்னாடி பெஞ்சுல ஒரு பையன், "சார், இடது வலது மாத்தி போட்டிருக்கு. அச்சுப் பிழை"ன்னான்.

"எதைப் பார்த்து அப்படிச் சொல்றே?"

"இடதுன்னு போட்டிருக்கிறது என் வலது கைப்பக்கம் இருக்கு."

நான் திருப்பிச் சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லலை. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு பொண்ணு எழுந்து, யாரையும் கேட்காம முன்னாடி வந்து, கிளாஸைப் பார்த்து நின்னா. அந்தப் படத்தை வாங்கித் தன் நெஞ்சுமேல வச்சுக்கிட்டா. "இப்ப சரியா இருக்கா பாருடா"ன்னா. மொத்தக் கிளாஸும் "ஓ"ன்னுச்சு. டாக்டர் எனக்கு இருபத்தெட்டு வயசுல சொன்னதை, அவ பதிமூணு வயசுல தானா கண்டுபிடிச்சுட்டா.

அடுத்து நீலம். "கெட்ட ரத்தம் நீலமா இருக்கும் சார்"னு ஒருத்தன். எதைப் பார்த்துன்னு கேட்டா, படத்தைப் பார்த்துதான்னான். உடனே பக்கத்துல இருந்தவன், "எனக்கு டெங்குன்னு ஆஸ்பத்திரியில தினமும் ரத்தம் எடுத்தாங்க. ஊசியில கருஞ்சிவப்பாதான் வந்துச்சு, நீலமா வரலையே"ன்னான். ஊசி குத்துறது சிரையில. படத்துல நீலமா காட்டுறதும் அந்தச் சிரை வழியா வர்ற ரத்தத்தைத்தான். அவன் தன் கையில பார்த்த ஆதாரத்தை வச்சு பாடப் புத்தகத்தைக் கேள்வி கேட்டுட்டான்.

இங்க ஒரு விஷயத்தை நேர்மையா சொல்லிடணும். அந்த மூணு கேள்வியும் ஓவியங்களுக்காக உருவானது. ஓவியத்துல பல பதில் இருக்கலாம். இதயத்துல அப்படி இல்லை. "நீலம்ங்கிறது ஆக்சிஜன் குறைவான ரத்தத்தைப் பிரிச்சுக் காட்டறதுக்காக வரையறவங்க வச்சுக்கிட்ட அடையாளம், கெட்ட ரத்தம்னு ஒண்ணு கிடையாது"ன்னு கடைசியில நான் சொல்லத்தான் வேண்டியிருந்துச்சு. எவ்வளவு நேரம் உத்துப் பார்த்தாலும் அது படத்துல இருந்து வராது. ஆனா கேள்வி அவங்களுக்குள்ள வந்தப்புறம் சொன்னேன். அதனால காதுல விழுந்துச்சு.

அப்புறம் நான் நாலாவதா ஒரு கேள்வி சேர்த்துக்கிட்டேன்: இந்தப் படம் எதைக் காட்டலை? உதாரணத்துக்கு உலக வரைபடம். மெர்கேட்டர் 1569ல போட்ட முறையில கிரீன்லாந்து கிட்டத்தட்ட ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். நிஜத்துல ஆப்பிரிக்கா அதைவிட சுமார் 14 மடங்கு பெருசு. மெர்கேட்டர் பொய் சொல்லலை. கடல்ல திசை மாறாம கப்பல் ஓட்டறதுக்காக அதைப் போட்டார், அதுக்காக அளவை விட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு படமும் ஒண்ணைக் காட்ட இன்னொண்ணை விட்டுக் கொடுக்குது. ஆஞ்சியோ வீடியோல குட்டையா தெரிஞ்ச அந்தக் கிளை மாதிரி.

கேட்டுட்டு இருக்கிறவங்கள்ல டீச்சர் இருக்கலாம், வீட்டுல தம்பி தங்கச்சி இருக்கலாம். புது சிலபஸ் வேணாம், ஸ்மார்ட் போர்டு வேணாம். பாடப் புத்தகத்துல இருக்கிற ஒரு படத்துல பேர்களை ஸ்டிக்கர் ஒட்டி மறைங்க. இல்லைன்னா பேப்பர்ல வந்த ஒரு போட்டோவை, கீழே இருக்கிற விளக்கத்தைக் கிழிச்சுட்டு நடுவுல வைங்க. ஒரு நிமிஷம் எல்லாரும் பேசாம பாருங்க. அப்புறம் அந்தக் கேள்விகள். அந்த ஒரு நிமிஷத்துல நீங்க வாயைத் திறக்காம இருக்கிறதுதான் கஷ்டம், முன்கூட்டியே சொல்லிடறேன்.

அப்பா இப்ப காலையில நாலு கிலோமீட்டர் நடக்கிறார். ஆஞ்சியோ சிடியை அம்மா பீரோவுல பத்திரமா வச்சிருக்காங்க. சொந்தக்காரங்க யாராவது பார்க்க வந்தா, என் பழைய லேப்டாப்ல அதைப் போட்டு, எந்த இடத்துல நூல் மாதிரி ஆகுதுன்னு விரல் வச்சுக் காட்டறாங்க. போன தடவை எங்க மாமா, "அந்தக் கிளையும் அடைச்சிருக்கே"ன்னார். அம்மா சிரிச்சுட்டு, "இல்லண்ணே, அது நம்மளைப் பார்த்து வருது"ன்னாங்க.