இடம் பெயர்ந்த வாயில்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இரயில்வேயில் குமாஸ்தாவாகக் காலந்தள்ளும் நமக்குச் சொற்பொழிவு பழகிய தொழில் அன்று. பள்ளியிறுதி வகுப்புவரை கற்ற கல்வியே நமது முதல். எனினும், ஒரு கதவைப் பற்றிப் பேசவேண்டிய கடமை இன்று நேர்ந்திருக்கிறது.

நம் படிப்பகத்தின் பழைய கட்டடம் இடிபட்டு, அவ்விடத்தில் புதிய மன்றம் எழவிருப்பதை அனைவரும் அறிவீர்கள். பழைய வாயிலின் தேக்கு நிலையையும் இரட்டைக் கதவையும் புதிய மன்றத்தின் முகப்பில் பொருத்துவதென முடிவாகியுள்ளது. அருகில் பதிக்கும் கல்லில் என்ன பொறிப்பது என்பதில்தான் கருத்து வேற்றுமை. “தஞ்சை அரண்மனைக் கதவு” என்று பொறிக்கலாம் என்பது அன்பர் சிலரின் ஆசை. கேட்பதற்கு இனிக்கத்தான் செய்கிறது. ஆனால், சங்கத்தின் பழைய கணக்குப் புத்தகம் வேறு சொல்கிறது. இப்பெங்களூரிலேயே இடிக்கப்பட்ட வீடொன்றிலிருந்து, உறுப்பினர் சந்தாப் பணத்தைக் கொண்டு வாங்கிய கதவு அது.

வாயில்கள் இடம்பெயர்வது உலகில் புதிதன்று. ஆக்ராவில் அக்பர் எழுப்பிய கோட்டைக்குள் ஒரு பெரிய மரக்கதவு வைக்கப்பட்டிருக்கிறது. 1842 ஆம் ஆண்டில், ஆப்கானியப் போரின் முடிவில், கவர்னர் ஜெனரல் எல்லன்பரோ பிரபுவின் ஆணைப்படி, கஜினியிலுள்ள மாமூதின் கல்லறையிலிருந்து ஆங்கிலப் படையினர் அதைப் பெயர்த்து வந்தனர். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் சோமநாதபுரத்திலிருந்து கவர்ந்து செல்லப்பட்ட சந்தனக் கதவு இதுவே என்று பிரகடனம் செய்து, வழியெல்லாம் ஊர்வலமாகக் கொண்டு வந்தார்கள். பின்னர் அறிஞர் ஆராய்ந்தபோது, அது சந்தனமே அன்று, தேவதாரு மரம் என்பது தெரிந்தது. வேலைப்பாடும் குஜராத் நாட்டுக் கைவண்ணம் அன்று. 1843 இல் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் மெக்காலே அப்பிரகடனத்தைக் கடுமையாகக் கண்டித்தார். கதவு சோமநாதபுரம் போய்ச் சேரவுமில்லை, கஜினிக்குத் திரும்பவுமில்லை, ஆக்ராவிலேயே தங்கிவிட்டது. கஜினித் தச்சரின் அருமையான வேலை அது. தன் சொந்தப் பெயரோடு வந்திருந்தால் பாராட்டப் பெற்றிருக்கும். பொய்ப்பெயர் சுமந்து வந்ததால் நகைப்புக்கு இடமாயிற்று.

பார்சல் அலுவலகத்தில் நாம் நாள்தோறும் காண்பதும் இதுவே. மூட்டை நல்ல மூட்டைதான். முகவரிச் சீட்டு மாறிவிட்டால் அது உரியவரிடம் சேர்வதில்லை.

இதற்கு நேர்மாறான செய்தி நமக்கு அருகிலேயே உண்டு. பெங்களூர்–மைசூர் இருப்புப்பாதையை இரட்டைப் பாதையாக்கும் பணியில், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் ஆயுதக்கிடங்கு ஒன்று புதிய தண்டவாளத்தின் வழியில் குறுக்கிட்டது. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய பழங்கட்டடம். எடை ஏறத்தாழ 1,000 டன். இடித்துத் தள்ளுவது எளிது. ஆனால், அவ்வாறு செய்யவில்லை. சுற்றிலும் மண்ணை அகழ்ந்து, அடியில் இரும்பு உத்தரங்களைச் செலுத்தி, பளுதூக்கிகளால் மெல்ல உயர்த்தி, 2017 இல் ஏறத்தாழ 100 மீட்டர் தொலைவு நகர்த்திப் புதிய அடித்தளத்தில் இருத்தினர். இன்று புகைவண்டியும் ஓடுகிறது, கிடங்கும் நிற்கிறது. இடம் மாறியதை எவரும் மறைக்கவில்லை. ஆகவே, இடம் மாறியும் அது திப்புவின் கிடங்காகவே இருக்கிறது.

அன்பர்களே! “குழந்தைகளுக்குப் பெருமை ஊட்ட ஏதேனும் வேண்டாவா?” என்று பெரியவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. தமிழ் எழுத்தைப் பள்ளியில் காணாத பிள்ளைகள் நம் பிள்ளைகள். அவர்களுக்குப் பெருமை வேண்டும்தான். ஆயினும், தஞ்சைக் கதை பொய்யென்று அவர்கள் ஒருநாள் அறியும்போது, நாம் சொன்ன மெய்யையும் சேர்த்தல்லவா ஐயுறுவார்கள்?

மெய்யிலேயே பெருமை இல்லையா? பிழைப்புத் தேடி வந்த ஊரில், வாடகைக்கும் அரிசிக்கும் போக மிஞ்சிய காசை ஒன்றுசேர்த்து, தமிழ் படிக்க ஓர் இடம் அமைத்து, அதற்கு ஒரு கதவு வாங்கினார்களே, அவர்களைவிட எந்த அரசன் நமக்கு நெருங்கியவன்? கன்னட நாட்டு வீட்டைக் காத்த கதவு தமிழ்ப் படிப்பகத்தையும் காத்தது. அதைச் சொல்ல நாம் நாண வேண்டியதில்லை. நாமும் ஓரிடத்திலிருந்து பெயர்ந்து வேறோரிடத்தில் பொருந்தியவர்களே அன்றோ?

ஆகவே, கல்லில் இவ்வளவே பொறிக்க வேண்டுமென்று பணிவுடன் வேண்டுகிறோம்: “இக்கதவு இந்நகரின் பழைய வீடொன்றினது. நம் முன்னோர் சந்தா சேர்த்து வாங்கியது. தமிழ் கற்க வருவோர் இவ்வழியே வருக.”

கணக்குப் புத்தகத்தையும் புதிய மன்றத்தில் கண்ணாடிப் பேழையில் வைப்போம். ஐயமுற்ற பிள்ளை அதைப் பார்த்துத் தெளியட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!