செம்பனை ஆணா, பெண்ணா?



உலு திராம் வட்டாரத்தில் செம்பனைக் குலை வெட்டியவர்களுக்கு நன்றாகத் தெரியும்: ஒரே மரத்தில் ஆண் பூவும் வரும், பெண் பூவும் வரும். பெண் பூதான் பழக்குலையாகிறது. அப்படியிருக்க, இந்த மரம் ஆணா பெண்ணா என்று ஒருவர் கேட்டால் நமக்குச் சிரிப்புத்தான் வரும். தமிழில் மரம் 'அது'. அதோடு சரி.

பிரெஞ்சுக்காரர் சிரிக்கமாட்டார். அவர் மொழியில் பனை மரம் 'லெ பால்மியே', ஆண்பால். அதன் மட்டை 'லா பால்ம்', பெண்பால். மரம் பச்சை என்றால் 'வேர்' என்பார். மட்டை பச்சை என்றால் 'வேர்த்' என்று மாற்ற வேண்டும். (நம் காதுக்கு மரத்தின் வேர் போலக் கேட்கும், அதற்கும் இதற்கும் உறவில்லை.) கத்தி ஆண், முள்கரண்டி பெண், மேசையும் பெண். காவல் நிற்கும் சிப்பாய்க்குரிய ஒரு சொல், 'லா சென்தினெல்', பெண்பால். அவருக்குப் பெரிய மீசை இருந்தாலும் அப்படித்தான்!

காரணம் பொருளில் இல்லை, சொல்லில் இருக்கிறது. பிரெஞ்சுக்குத் தாயான லத்தீன் மொழியில் மூன்று பால் இருந்தன. பிரெஞ்சில் இரண்டுதான் மிஞ்சின. 'அது' என்ற பாலின் சொற்களில் பெரும்பாலானவை ஆண்பாலோடு கலந்துவிட்டன. ஆகவே சொல்லைப் படிக்கும்போதே முன்னால் வரும் 'லெ' அல்லது 'லா'வையும் சேர்த்து மனத்தில் பதிக்க வேண்டும். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியிலும் காரைக்காலிலும், பிரெஞ்சு படித்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடு இருந்தது.

நம் தொல்காப்பியர் வழி வேறு. முதலில் உயர்திணை, அஃறிணை என்று பிரித்தார். பிறகு ஐந்து பால். பொருள் தெரிந்தால் பால் தெரிந்துவிடும், மனப்பாடம் வேண்டியதில்லை. இன்றைய ஆங்கிலமும் ஏறக்குறைய இப்படித்தான்: ஆணுக்கு 'ஹீ', பெண்ணுக்கு 'ஷீ', மற்றதற்கு 'இட்'. கப்பலை மட்டும் சிலர் 'ஷீ' என்பார்கள். ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஆங்கிலத்தில் சூரியன் பெண், சந்திரன் ஆண். இன்று மனைவியைக் குறிக்கும் 'வைஃப்' என்ற சொல் அன்று பெண்ணைக் குறித்தது. இலக்கணத்திலோ அது ஆணுமில்லை, பெண்ணுமில்லை!

இனி நம் வீட்டுக்கு வருவோம். தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளை தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் சேர்த்தே சுமக்கிறது. 'என் தாயார்' என்று ஆங்கிலத்தில் கட்டுரை எழுதும்போது அம்மாவுக்கு 'ஹீ' போட்டுவிடுகிறது. அம்மாவை ஆண் என்று எழுதிய மண்டு எது என்று வகுப்பே சிரிக்கிறது. வீட்டிலும் திட்டு விழுகிறது. நாளடைவில் அந்தப் பிள்ளை ஆங்கிலத்தில் வாயே திறப்பதில்லை.

பிள்ளை மண்டு இல்லை. மலாயில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல், 'டியா'. வீட்டிலே நாமும் மரியாதைக்காக 'அவர் வந்தார்' என்கிறோம். அதிலும் ஆண் பெண் தெரியாது. இரண்டு பக்கமும் மறைந்திருப்பதை மூன்றாவது மொழியில் உடனே காட்டு என்றால் கை தடுமாறத்தான் செய்யும்.

மலாயில் பாகுபாடே கிடையாது என்று எண்ணிவிட வேண்டாம். அது எண்ணும்போது வெளிப்படும். மூன்று மாணவர் என்றால் 'தீகா ஓராங்', மூன்று ஆடு என்றால் 'தீகா ஏக்கோர்'. 'ஏக்கோர்' என்றால் வால். மாணவருக்கு வால் வைத்து எண்ணினால் ஆசிரியர் விடமாட்டார். நம் உயர்திணை, அஃறிணைக்கு இது பக்கத்து வீடு.

ஆங்கிலம் தெரியாத பெற்றோரும் இதில் உதவலாம். பிள்ளை கட்டுரையை உரக்கப் படிக்கட்டும். 'ஹீ', 'ஷீ' என்று காதில் விழும் இடத்தில் நிறுத்தி, "யாரைச் சொல்கிறாய்? அவனா, அவளா?" என்று தமிழிலேயே கேளுங்கள். 'அவன்' என்றால் 'ஹீ', 'அவள்' என்றால் 'ஷீ'. அம்மாவை 'அவள்' என்று சொல்லப் பிள்ளை தயங்கினால், அந்தப் பாடம் முடியும்வரை மரியாதையைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கலாம், அம்மா கோபித்துக்கொள்ளமாட்டார்.